மரியாவுக்குப் பால் கொடுத்தவர்கள்

பர்மா என்றால் நம் வயதுக்காரர்களுக்குச் சில விஷயங்கள் உடனே நினைவுக்கு வரும். தேக்கு மரம், ரங்கூன் அரிசி, செட்டியார்களின் கடைகள், 1942இல் குண்டுவீச்சுக்குப் பயந்து காடும் மலையும் தாண்டிக் கால்நடையாகவே வந்து சேர்ந்த சொந்தக்காரர்கள். ஜட்சன் என்ற பெயர் அந்த வரிசையில் வராது. கிறிஸ்தவ நண்பர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பைபிளைப் பர்மிய மொழியில் பெயர்த்தவர், அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து போன முதல் மிஷனரிகளில் ஒருவர் என்று சொல்வார்கள். நான் எழுதப் போவது அவருடைய ஊழியத்தைப் பற்றி அல்ல. அந்த வீட்டில் பிறந்த குழந்தைகளைப் பற்றியும், அவர்களைத் தூக்கி வளர்த்த கைகளைப் பற்றியும்.

அடோனிராம் ஜட்சன் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காரர். 1812 பிப்ரவரி 5ஆம் தேதி ஆன் ஹாசல்டைன் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டே வாரத்தில், 19ஆம் தேதி, சேலம் என்ற துறைமுகத்தில் கப்பலேறிவிட்டார்கள். (நம்ம சேலம் இல்லை, அமெரிக்கச் சேலம்.) பெண்ணுக்கு வயது 22. கூடவே நியூவெல் என்ற இன்னொரு இளம் தம்பதி. அந்தப் பெண் ஹாரியட்டுக்கு 18தான். ஜூன் 17ஆம் தேதி கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். நான்கு மாதப் பயணம்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனரிகள் என்றாலே பிடிக்காது. வியாபாரம் கெட்டுவிடும் என்று பயம். அதே சமயம் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போர் வேறு மூண்டுவிட்டது. ஊரை விட்டுக் கிளம்பு என்று உத்தரவு. நியூவெல் தம்பதி முதலில் மொரீஷியஸுக்குக் கப்பலேறினார்கள். கப்பல் புயலில் அடிபட்டு ஆந்திரக் கரையில் கோரிங்காவில் ஒதுங்கி, மறுபடியும் கிளம்பியது. நடுக்கடலில் ஹாரியட்டுக்குப் பிரசவம். குழந்தை ஐந்து நாள்தான் இருந்தது. மொரீஷியஸில் இறங்கிய ஹாரியட்டும் நவம்பர் 30ஆம் தேதி காலமானார். 19 வயது. ஜட்சன் தம்பதி 1813 ஜனவரியில் அங்கே போய்ச் சேர்ந்தபோது, கூட வந்த தோழியின் கல்லறைதான் மிச்சம். ஆன் அப்போது என்ன நினைத்திருப்பார்? அவரும் சில மாதங்களிலேயே கடலில் பிரசவத்தைச் சந்திக்கப் போகிறவர்.

மொரீஷியஸிலிருந்து அவர்கள் வந்தது நம்ம சென்னைக்கு. 1813 ஜூன் 4. அந்தக் காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். அலையில் தூக்கிப் போடும் மசூலாப் படகில் ஏறித்தான் கரை சேர வேண்டும். இங்கேயும் கம்பெனி ராஜ்யம்தான். பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், எந்தக் கப்பல் முதலில் கிளம்புகிறது என்று விசாரித்தார்கள். ஜார்ஜியானா என்ற ஒரு பழைய கப்பல் மட்டும் இருந்தது. அது ரங்கூனுக்குப் போகிறது. பர்மா அப்போது தனி ராஜா ஆண்ட தேசம், கம்பெனியின் உத்தரவு அங்கே செல்லாது. ஏறிவிட்டார்கள்.

பிரசவ நேரத்தில் துணைக்கு இருக்கட்டும் என்று சென்னையில் ஒரு ஐரோப்பியப் பெண்ணை ஏற்பாடு செய்து அழைத்துப் போனார்கள். கப்பலேறிய கொஞ்ச நேரத்திலேயே அந்த அம்மாள் தளத்தில் வலிப்பு வந்து விழுந்து இறந்துபோனார். அந்தப் பயணத்தில்தான் ஆனுக்குப் பிரசவம் ஆனது. குழந்தை இறந்தே பிறந்தது. வைத்தியர் கிடையாது, மருத்துவச்சி கிடையாது. பக்கத்தில் இருந்தவர் 24 வயதுப் புருஷன் ஒருவர்தான். ஜூலையில் ரங்கூன் சேர்ந்தபோது ஆனால் நடக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நம் வீடுகளில் தலைப்பிரசவம் என்றால் ஏழாம் மாதம் வளைகாப்பு, அப்புறம் தாய்வீடு, பத்தியச் சாப்பாடு, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட ஒரு பாட்டி என்று எத்தனை ஏற்பாடு! அதையெல்லாம் நினைத்துக்கொண்டே இந்தக் கதையைப் படித்தேன்.

ரங்கூனில் மொழி தெரியாது. அடோனிராம் வாத்தியாரை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் இலக்கணம் படித்தார். ஆன் சமையலாள், காய்கறிக்காரி, அக்கம்பக்கத்துப் பெண்கள் என்று பேசிப் பேசியே கற்றுக்கொண்டார். பேச்சில் மனைவிதான் முந்திக்கொண்டார். எதிர்பார்க்கக்கூடியதுதான். வீட்டை நடத்துகிறவருக்குத்தான் மொழி முதலில் வரும்.

1815 ஜனவரியில் ஆனுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. ரங்கூனில் வைத்தியர் இல்லாததால் மறுபடி கப்பலேறி நம்ம சென்னைக்கே வைத்தியத்துக்கு வந்தார். புருஷன் கூட வரவில்லை. ஒரு பர்மியப் பெண் மட்டும் துணைக்கு வந்தாள். பர்மாவில் பெண்களை நாட்டை விட்டு வெளியே அனுப்ப மாட்டார்கள். ராஜப் பிரதிநிதி இதற்காகவே விசேஷ அனுமதி கொடுத்தாராம். சென்னையில் வைத்தியம் பார்த்த டாக்டர் பணம் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த நல்ல மனிதர் யாரோ! சுமார் மூன்று மாதம் கழித்துத் திரும்பினார். அடுத்த குழந்தை பிறந்த தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், சென்னைக்கு வந்தபோதே அவர் முழுகாமல்தான் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் குழந்தை 1815 செப்டம்பர் 11 அன்று பிறந்தது. ஆண் குழந்தை. ரோஜர் வில்லியம்ஸ் என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பிரசவத்திலும் துணை அடோனிராம் ஒருவர்தான். குழந்தை அப்பா செல்லம். அப்பா மேஜையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் பாயில் கிடந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்குமாம். எழுந்து போனால்தான் அழுகை.

நான் தபால் இலாகாவில் 36 வருஷம் வேலை பார்த்தவன். இதைப் படித்ததும் புத்தி தபால் கணக்குக்குத்தான் போனது. அமெரிக்காவிலிருந்து கல்கத்தா வரவே அவர்களுக்கு நான்கு மாதம் ஆயிற்று. ரங்கூனிலிருந்து, "உங்களுக்குப் பேரன் பிறந்திருக்கிறான்" என்று ஒரு கடிதம் போய், அதற்குத் தாத்தா பாட்டியின் ஆசீர்வாதம் திரும்பி வர, எல்லாம் சரியாக அமைந்தாலும் எட்டு மாதத்துக்கு மேலாகும். ரோஜர் 1816 மே 4ஆம் தேதி காய்ச்சலில் இறந்துபோனான். எட்டு மாதம் நிறைய ஒரு வாரம் பாக்கி. எந்த ஆசீர்வாதக் கடிதமும் அவன் இருக்கும்போது வந்து சேர்ந்திருக்க வழியே இல்லை.

வீட்டுத் தோட்டத்தில் புதைத்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ராஜப் பிரதிநிதியின் மனைவி தன் பரிவாரம் முழுவதையும் அழைத்துக்கொண்டு துக்கம் கேட்க வந்தார். மார்பில் அடித்துக்கொண்டு, எனக்கு ஏன் சொல்லி அனுப்பவில்லை, அடக்கத்துக்கு வந்திருப்பேனே என்று கோபித்துக்கொண்டாராம். பிறகு ஒரு நாள், மனசு கொஞ்சம் மாறட்டும் என்று இருவரையும் யானையில் ஏற்றித் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். ஆறுதல் சொல்லக்கூட ஊர்க்காரர் ஒருவர் இல்லாத இடத்தில், அந்நிய நாட்டு ராணி மாதிரி ஒருத்தி வந்து, நம் ஊர்ப் பெண்களைப் போலவே மார்பில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்.

இடையில் சில வருஷங்களைத் தாண்டிப் போகிறேன். அச்சு எந்திரம் வந்தது. மத்தேயு சுவிசேஷம் பர்மிய மொழியில் அச்சானது. 1819இல் முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றார். ஆன் உடம்பு மோசமாகி இங்கிலாந்து, அமெரிக்கா என்று இரண்டு வருஷத்துக்கு மேல் போயிருந்து 1823 டிசம்பரில் திரும்பினார். இருவரும் தலைநகரமான ஆவாவுக்குக் குடிபோனார்கள். போன வேளை சரியில்லை. 1824இல் ஆங்கிலேயர்களுக்கும் பர்மாவுக்கும் போர் தொடங்கியது. மே மாதம் ரங்கூன் ஆங்கிலேயர் கையில் விழுந்தது. அமெரிக்கர் வேறு, ஆங்கிலேயர் வேறு என்ற வித்தியாசமெல்லாம் ஆவா அரண்மனைக்கு எங்கே தெரியும்? பணம் வேறு வங்காளம் வழியாக வந்துகொண்டிருந்தது. ஒற்றன் என்று முடிவு கட்டி, ஜூன் 8ஆம் தேதி அடோனிராமைப் பிடித்து மரண தண்டனைக் கைதிகளின் சிறையில் போட்டுவிட்டார்கள். காலில் மூன்று ஜோடி விலங்கு. ராத்திரியில் எல்லோருடைய கால்களுக்கும் நடுவே ஒரு மூங்கிலைச் செருகி மேலே தூக்கிவிடுவார்கள். தோள் மட்டும்தான் தரையில் படும்.

ஆன் அப்போது மறுபடியும் கர்ப்பிணி. வீட்டுக்கும் சிறைக்கும் இரண்டு மைல். தினமும் நடந்து போய், அதிகாரிகள் வீட்டு வாசலில் காத்துக் கிடந்து, இருந்த சாமான்களை ஒவ்வொன்றாகக் காணிக்கை கொடுத்து, சாப்பாடு உள்ளே போக வழி செய்தார். பர்மியப் பெண்கள் மாதிரியே உடுத்திக்கொண்டார். பார்க்கிறவர்களுக்கு விரோதம் குறையும் என்று யாரோ சொன்ன யோசனை.

புதிய ஏற்பாட்டின் பர்மியக் கைப்பிரதி கதை பிரபலமானது. முதலில் தோட்டத்தில் புதைத்து வைத்தார்கள். மழையில் கெட்டுவிடும் என்று எடுத்து, ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்கு அனுப்பினார்கள். கட்டாந்தரை மாதிரித் தலையணை, எந்தக் காவலாளிக்கும் ஆசை வராது. கடைசியில் அதையும் பிடுங்கி எறிந்துவிட, மவுங் இங் என்ற பர்மியச் சீடர் ஞாபகார்த்தமாக அந்தப் பஞ்சு உருண்டையை எடுத்து வைத்தார். பல மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கைப்பிரதி பத்திரமாக இருந்தது. ஜட்சன் வரலாறு எழுதியவர்கள் எல்லோரும் இதை ரசித்து விரிவாக எழுதுவார்கள். எழுத வேண்டிய விஷயம்தான். ஆனால் அதே நேரத்தில், அதே போர்க்காலத்தில், இன்னொன்றையும் யாரோ காப்பாற்றினார்கள். அதற்குக் கிடைத்தது சில வரிகள்தான்.

1825 ஜனவரி 26ஆம் தேதி ஆவாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மரியா. அப்பா சிறையில். சுமார் இருபது நாள் கழித்து ஆன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிறை வாசலில் காட்டினார். வீட்டில் ஆனுக்குத் துணையாக இருந்தவர்கள் மவுங் இங், அவர் எடுத்து வளர்த்த இரண்டு பர்மியச் சிறுமிகள், ஒரு வங்காளிச் சமையல்காரர். சமையல்காரரின் பெயரை ஆன் எழுதி வைக்கவில்லை. சாதி ஆசாரத்தைக்கூட மறந்துவிட்டு எல்லா வேலையும் செய்தார், தன் சாப்பாட்டைக் கவனிக்காமல் சிறைக்குச் சாப்பாடு சுமந்தார் என்று மட்டும் நன்றியோடு எழுதியிருக்கிறார்.

மே மாதம் கைதிகளை அமராபுரத்துக்கு அப்பால் அவுங்பின்லே என்ற கிராமத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். வெறுங்காலில், கொதிக்கும் மணலில். ஆனுக்குச் சொல்லக்கூட இல்லை. எங்கே போனார்கள் என்று விசாரித்து, மூன்று மாதக் கைக்குழந்தை, இரண்டு சிறுமிகள், சமையல்காரர் எல்லோருமாகப் படகிலும் மாட்டு வண்டியிலும் பின்னாலேயே போனார்கள். சிறைக்காவலர் தன் வீட்டில் ஒரு அறை கொடுத்தார். பாதி அறையில் தானியம் குவித்திருந்தது. மீதிப் பாதியில் ஆறு மாதம் குடித்தனம்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே பெரிய சிறுமிக்குப் பெரியம்மை. ஆன் சின்னவளுக்கும் காவலரின் பிள்ளைகளுக்கும் ஊசியால் அம்மை குத்திவிட்டார். அவர்களுக்கு லேசாக வந்து இறங்கிவிட்டது. செய்தி பரவி, ஊரில் உள்ள பிள்ளைகளை எல்லாம் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வரிசையில் வந்துவிட்டார்கள். அத்தனை பிள்ளைகளுக்கும் குத்தினார். அவருடைய சொந்த மகளுக்குக் குத்தியது மட்டும் எடுக்கவில்லை. மூன்றரை மாதக் குழந்தைக்கு முழு அம்மையும் போட்டுவிட்டது. தேறி எழ மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று.

அதற்குள் ஆன் படுத்துவிட்டார். வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாக எழுந்திருக்க முடியவில்லை. பால் நின்றுவிட்டது. கிராமத்தில் புட்டிப்பால் எங்கே இருக்கும்? பால் கொடுக்க ஒரு தாதியும் கிடைக்கவில்லை. ராத்திரி முழுக்கக் குழந்தை பசியில் அழும். எழுந்து போய் எடுக்கத் தாயால் முடியாது. கடைசியில் காவலர்களுக்கு ஏதோ கொடுத்துச் சம்மதிக்க வைத்து, அடோனிராமைச் சிறையிலிருந்து கொஞ்ச நேரம் வெளியே விட ஏற்பாடு செய்தார்கள். அவர் எலும்பும் தோலுமான குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். கைக்குழந்தை உள்ள தாய்மார்களிடம், இதற்கும் கொஞ்சம் பால் கொடுங்கள் என்று கெஞ்சுவார். அவர்களும் கொடுத்தார்கள்.

இந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அந்தத் தாய்மார்களின் ராஜாவோடு இந்த மனிதரின் நிறத்துக்காரர்கள் போர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இவர் சிறைக்கைதி, ஒற்றன் என்று பெயர் வாங்கியவர். குழந்தையோ இப்போதுதான் அம்மையில் கிடந்து எழுந்தது. அதை வாங்கி மடியில் போட்டுக்கொள்ள எந்தத் தாய்க்கும் ஒரு தயக்கம் இருந்திருக்கும். தன் பிள்ளைகளுக்கு ஆன் அம்மை குத்தியது அவர்களுக்கு நினைவிருந்ததோ என்னவோ. நன்றிக் கடன் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நான் மட்டும் அப்படி நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் அம்மாவுக்கு என் தங்கை பிறந்தபோது ஜன்னி கண்டு பத்து நாள் நினைவில்லை. எதிர் வீட்டு அக்காவுக்கு அப்போது ஆறு மாதப் பையன். அவர்தான் தங்கைக்கும் பால் கொடுத்தார். தங்கை கல்யாணத்தில் அம்மாவுக்கு எடுத்த மாதிரியே அந்த அக்காவுக்கும் ஒரு பட்டுப்புடவை எடுத்தோம். மரியாவுக்குப் பால் கொடுத்தவர்களுக்கு என்ன பெயர் என்றுகூடத் தெரியாது. இத்தனை விவரமும் ஆன் தன் கணவரின் தம்பிக்கு 1826 மே மாதம் எழுதிய மிக நீளமான ஒரு கடிதத்தில் இருக்கிறது. ஆளுநர், காவலர், அரசியின் சகோதரர் என்று எத்தனையோ பேர் அதில் வருகிறார்கள். இந்தப் பெண்கள் பெயரில்லாமல் வந்து போய்விடுகிறார்கள். உடம்பு முடியாமல் கிடந்த ஆன் அவர்களைப் பார்த்தே இருக்க மாட்டார். பார்த்தது அடோனிராம் ஒருவர்தான்.

வருஷக் கடைசியில் சமாதானப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதால் அடோனிராமை மலோன் என்ற இடத்துக்குக் கொண்டு போனார்கள். ஆன் ஆவாவுக்குத் திரும்பி, கொடிய காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தார். அந்தச் சமயம் பார்த்து ஒரு போர்த்துகீசியப் பெண், யாரும் கூப்பிடாமலேயே வந்து, குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன் என்று சொன்னார். அவர் பெயரும் தெரியாது. சில வாரம் கழித்து அடோனிராம் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு பர்மியப் பெண் மடியில் ஒரு அழுக்குக் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது தன் குழந்தை என்றே அவருக்குத் தோன்றவில்லையாம். வேறு யாருடைய பிள்ளையோ என்று தாண்டி உள்ளே போயிருக்கிறார்.

1826 பிப்ரவரி 24ஆம் தேதி யாந்தபோ உடன்படிக்கை. பர்மா ஒரு கோடி ரூபாய் அபராதம் கட்டச் சம்மதித்தது. குடும்பம் விடுதலையாகி, ஆங்கிலேயர் புதிதாக அமைத்த அம்ஹர்ஸ்ட் என்ற ஊருக்குப் போயிற்று. ஜூலையில் அடோனிராம் ஆங்கிலேயத் தூதுக்குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராக மறுபடியும் ஆவாவுக்குப் போனார். அக்டோபர் 24ஆம் தேதி ஆன் அம்ஹர்ஸ்டில் காய்ச்சலில் இறந்தார். வயது 36. கணவர் பக்கத்தில் இல்லை.

செய்தி கறுப்பு முத்திரையிட்ட கடிதமாக ஆவாவுக்குப் போனது. கொண்டு வந்து கொடுத்தவர், உங்கள் குழந்தை இறந்துபோய்விட்டது என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். நோஞ்சான் குழந்தை, போகக்கூடியதுதான் என்று மனசைத் தயார்படுத்திக்கொண்டு பிரித்தவருக்கு உள்ளே மனைவியின் பெயர். எத்தனையோ தந்திகளையும் கறுப்புக் கரை போட்ட கார்டுகளையும் கொண்டு போய்க் கொடுக்கச் சொல்லி அனுப்பியவன் நான். உள்ளே என்ன இருக்கிறது என்று தபால்காரர் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்று ஏன் அவ்வளவு கண்டிப்பாக இருந்தோம் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம்.

1827 ஜனவரியில் அவர் அம்ஹர்ஸ்ட் திரும்பியபோது மரியாவுக்கு இரண்டு வயது. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேட் என்ற மிஷனரியின் மனைவி. குழந்தை அப்பாவை அடையாளம் தெரியாமல் அந்த அம்மாளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. ஏப்ரல் 24ஆம் தேதி, அம்மா போய்ச் சரியாக ஆறு மாதம் நிறைந்த அன்று, மரியாவும் போய்விட்டாள். இரண்டு வயது மூன்று மாதம்.

அடோனிராம் பின்னால் இரண்டு தடவை மணம் செய்துகொண்டார். பர்மிய பைபிள் மொழிபெயர்ப்பை 1834இல் முடித்தார். 1850இல் கடற்பயணத்தில் இறந்து, கடலிலேயே அடக்கமானார். அந்த மொழிபெயர்ப்பு இன்றும் பர்மாவில் புழக்கத்தில் இருக்கிறது.

மரியாவை ஆனின் கல்லறைக்குப் பக்கத்திலேயே, ஒரு மரத்தடியில், அடக்கம் செய்தார்கள். இரண்டு நாள் கழித்து அடோனிராம் அமெரிக்காவில் இருந்த மாமியாருக்கு எழுத உட்கார்ந்தார். மகள் போன செய்தியை எழுதி அனுப்பியே சில மாதம்தான் ஆகியிருந்தது. அது இன்னும் கடலில்தான் இருந்திருக்கும். அதற்குப் பின்னாலேயே பேத்தியின் செய்தியும் கிளம்பிப் போயிற்று.